ஏலக்காய் மணக்கும் விமானம்

ஜூலை 6, ஞாயிறு

காலைப் பலகாரத்தின்போது தீர்ப்பு வழங்கப்பட்டது. நீதிபதி சம்பூர்ணம், என் மனைவி. குற்றவாளி நான். குற்றத்துக்கான சாட்சி காரேஜில் இறக்கையை மடக்கிக்கொண்டு படுத்திருக்கிறது.

சாட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் உட்காரும் விமானம். தரையிலும் இறங்கும், தண்ணீரிலும் இறங்கும். ஏழு வருஷம், கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் எங்கள் வீட்டு காரேஜுக்குள், ஃபைபர் துணியும் பசையும் வைத்து நானே ஒட்டிக் கட்டியது. அடிவயிறு படகு மாதிரி இருக்கும். தரை என்றால் சக்கரத்தைக் கீழே இறக்க வேண்டும். தண்ணீர் என்றால் மேலே தூக்க வேண்டும். தரையில் மாற்றிச் செய்தால் வயிறு சிராய்த்து மானம் போகும். தண்ணீரில் மாற்றிச் செய்தால் விமானம் குட்டிக்கரணம் அடிக்கும். மானம் போனதா என்று விசாரிக்க ஆள் மிஞ்சாது.

"ஏனுங்க, ஏழு வருசமா காரு வெளிய நிக்குது. ஏழு குளிர்காலம் கண்ணாடில பனி செரண்டினது நானு. எதுக்கு? ஒரு நாளைக்கு ஏரிக்கு நடுவால கொண்டுபோயி எறக்கி உக்கார வெக்கறேன்னீங்க. எறக்குனீங்ளா?"

"எறக்காமயா? பன்னெண்டு தடவை எறக்கியிருக்கேன்" என்றேன்.

"என்னைய வெச்சு எறக்கலைல்ல?"

நான் இன்னொரு இட்லியைத் தட்டில் போட்டுக்கொண்டேன். தீர்ப்பு இதுதான்: ஆகஸ்ட் முதல் வாரம் எங்கள் நீர்விமானக் கூட்டம் கூடும்போது அவளை ஏற்றிக்கொண்டு ஏரியில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் "அந்தச் சாமானை" பல் டாக்டர் குணநாயகத்துக்கு விற்றுவிட்டு, கார் காரேஜுக்குள் வர வேண்டும். மேல்முறையீடு கிடையாது.

ஜூலை 12, சனி

ஏரிக்கு மேல் பறந்தேன். இறங்கியிருப்பேன். கீழே கனடா வாத்துகள் குடும்பத்தோடு மிதந்துகொண்டிருந்தன. குஞ்சுகள் வேறு. மனசு கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அலை அதிகம்.

ஜூலை 19, சனி

அலையே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது; அனுபவசாலிகளே ஏமாந்துபோவார்கள். இதை நான் சாக்குக்குச் சொல்லவில்லை, எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சரியான அளவில் அலை அடிக்கும் ஒரு நாளுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

நீர்விமான உரிமம் என்னிடம் முறைப்படி இருக்கிறது. வாத்தியாரோடு அவர் விமானத்தில் தண்ணீரில் இறங்கி ஏறிப் பரீட்சை கொடுத்து வாங்கியது. ஆனால் அது தொழிற்சாலையில் செய்த விமானம். அதை ஒட்டியவன் யார், ஒட்டும்போது என்ன நினைப்பில் இருந்தான் என்று எனக்குத் தெரியாது. அதனால் நிம்மதியாக இறங்கினேன். என் விமானத்தை ஒட்டியவனை எனக்கு நன்றாகத் தெரியும். குறிப்பாக அடிவயிற்றின் இடது ஓரம். அதை ஒட்டின நாளில் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, அதெல்லாம் இருக்கட்டும். இன்று இரவு கீரைக் கடைசலும் களியும்.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டர் குணநாயகம் போன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்கார்பரோவில் பாதிப் பேருடைய வாயைப் பார்த்தவர். மீதிப் பேருடைய வாயைப் பற்றியும் தகவல் வைத்திருப்பவர். அவரும் ஒரு நீர்விமானம் கட்டியிருக்கிறார், மரத்தில். என் விமானத்தின் எஞ்ஜின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"என்ன காணும் நாச்சிமுத்து, இந்த முறை ஜிசெல் புதுசா ஒரு விளையாட்டு வைச்சிருக்கிறா, கேள்விப்பட்டனீரோ?"

ஜிசெல் எங்கள் கூட்டத்தின் தலைவி. கியூபெக்காரி, எழுபதைத் தாண்டியவர். இருபத்தைந்து வருஷமாக ஒரே விமானத்தை ஓட்டுகிறார். அதற்குள் மூன்று கணவர்களை மாற்றிவிட்டார். விமானம்தான் நம்பகமானது என்பார்.

"என்ன விளையாட்டு டாக்டர்?"

"ஒருத்தர்ட பிளேனை இன்னொருத்தர் சோதிச்சு, கடைசி நாள் எல்லாருக்கும் முன்னால நல்லது ஒண்டு, கூடாதது ஒண்டு சொல்ல வேணும். சீட்டுக் குலுக்கினவ. உம்மட பிளேன் எனக்கு விழுந்திருக்குது."

"சந்தோஷம்."

"சந்தோசமோ? பொறும், பொறும். நான் உள்வாய் முழுக்கப் பாப்பன்."

ஜூலை 26, சனி

இன்று விமானத்தின் அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். ஒரு பெரிய குறை தெரிந்தது: அது பளபளவென்று இருக்கிறது.

தண்ணீரில் இறங்குகிற விமானங்கள் அப்படி இருக்காது. டாக்டருடையதைப் பார்த்திருக்கிறேன், ஜிசெலுடையதையும் பார்த்திருக்கிறேன். வயிற்றைச் சுற்றிப் பழுப்பாய்க் கறைக்கோடு ஓடும், நீர் எதுவரை ஏறி நின்றது என்று காட்டிக்கொடுக்கும். அடியில் கூழாங்கல் கீறியிருக்கும். உள்ளே பாசி வாடை அடிக்கும். என்னுடையதோ கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. பன்னிரண்டு தடவை குளித்த அடையாளம் ஒன்றாவது வேண்டாமா?

ஜூலை 27, ஞாயிறு

சம்பூர்ணம் கோயிலுக்குப் போன நேரத்தில் ஒரு சின்ன அலங்கார வேலை முடிந்தது. நன்றாகக் கொதித்த டீ டிகாக்‌ஷன், ஒரு பழைய பனியன், மட்டப்பலகை. விமானத்தைச் சுற்றி ஒரே சீராகக் கோடு. பார்த்தால் பத்து வருஷம் ஏரியில் ஊறியது மாதிரி இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துச் சேறு கொஞ்சம் அங்கங்கே. சாண்ட்பேப்பரால் அடியில் நாலு கீறல்.

கலைஞனுக்கு வரும் திருப்தி எனக்கும் வந்தது.

மாலையில் சம்பூர்ணம், "ஏலக்கா டீத்தூள் டப்பா காலியா இருக்குது, யாராச்சும் வந்தாங்ளா?" என்று கேட்டாள். நண்பர்கள் வந்தார்கள் என்றேன். "எத்தன பேரு?" என்றாள். நிறைய என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டிரெய்லரில் விமானத்தை இழுத்துக்கொண்டு வடக்கே பீவர்டூத் ஏரிக்கு வந்து சேர்ந்தோம். பதினான்கு விமானங்கள், எல்லாமே வீட்டில் கட்டியவை. ஒரு ஓடுதளம், பக்கத்திலேயே ஏரி, நடுவில் ஒரு கொட்டகை. எல்லார் இடுப்பிலும் கையடக்க ரேடியோ. யார் இறங்கினாலும் ஏறினாலும் கொட்டகையே காது கொடுத்துக் கேட்கும்.

வந்ததும் ஒப்பிடும் வேலை ஆரம்பமாகிவிட்டது. இந்தக் கூட்டத்தில் யாரும் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதில்லை. "தண்ணீரிலிருந்து கிளம்ப எவ்வளவு தூரம் ஓடுகிறது" என்றுதான் கேட்பார்கள். மரம் நல்லதா ஃபைபர் நல்லதா, எஞ்ஜின் தலைக்கு மேலா முன்னாலா என்று இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் மூன்றாவது ஆள் நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொள்வார். வளைகாப்புக்கு வந்த பெண்கள் ஒருத்தி கழுத்து அட்டிகையை ஒருத்தி பார்க்கிற அதே பார்வை.

சம்பூர்ணம் ஜிசெலோடு ஒட்டிக்கொண்டாள். இவளுக்கு பிரெஞ்சு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இருவர் இங்கிலீஷும் அரைகுறை. இருந்தும் சிரிப்புச் சத்தம் ஓயவில்லை. கணவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஊகம்.

ஆகஸ்ட் 2, சனி

சோதனை நாள்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். உண்மையாகவே. சின்னக் கண்ணாடி ஒன்றும் நெற்றியில் விளக்கும். என் விமானத்தின் மூக்கிலிருந்து வால்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார், சொத்தை தேடுகிற மாதிரி. மறுபக்கம் போனவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"நாச்சிமுத்து, இஞ்ச வாரும்."

போனேன்.

"இந்தக் கறை எப்பிடி வந்தது?"

"தண்ணிக் கறை டாக்டர். பன்னெண்டு தடவை எறங்கினதுல்ல."

"ஓமோம். ஆனா ஒரு சந்தேகம். உம்மட பிளேன் இப்ப சக்கரத்தில நிக்குது. கோடும் தரைக்கு நேரா நிக்குது. விளங்குதே?"

"அழகா இருக்கில்ல?"

"வடிவுதான். ஆனா தண்ணியில விட்டா எந்தப் பிளேனும் குண்டியை இறக்கி மூக்கைத் தூக்கிக்கொண்டெல்லோ மிதக்கும்? கறைக்கோடு வால்பக்கம் மேல ஏற வேணும், மூக்குப் பக்கம் கீழ இறங்க வேணும். உம்மட கோட்டின்படி பாத்தா, உம்மட பிளேன் மூக்காலதான் நீந்தியிருக்குது."

எனக்கு மட்டப்பலகையை நினைத்து ஆத்திரம் வந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். கறையை விரலால் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

"ஏலக்காய்" என்றார்.

நான் மேகங்களைப் பார்த்தேன். நல்ல மேகங்கள்.

"ஒருக்காவும் இறக்கேல்லை, என்ன?"

"சரியான அலைக்காகப் பாத்துட்டு இருக்கேனுங்க டாக்டர்."

"நாளைக்குப் பின்னேரம் எல்லாருக்கும் முன்னால நான் கூடாதது ஒண்டு சொல்ல வேணும். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பல்லுப் பிடுங்கேக்க மட்டும் 'நோகாது' எண்டு சொல்லுறனான், அது தொழில்." தோளில் தட்டினார். "அதுக்கு முன்னம் இறக்கிப்போடும். ஏலாதெண்டா எனக்கு வித்துப்போடும். நான் நல்லா வைச்சிருப்பன். தண்ணியும் காட்டுவன்."

பெண் கேட்டு வந்தவர் மாதிரி விமானத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

காலையில் சரியான அலை அடித்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இயற்கைக்கு ஈவிரக்கம் கிடையாது.

சம்பூர்ணம் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். "போலாமுங்ளா?" என்றாள். ஜிசெல் வந்து அவளுடைய பட்டையை இறுக்கிவிட்டு, "இறங்குமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மிஸ்டர் நாச்சி. தண்ணீர், சக்கரம் மேலே. மனசுக்குள் சொன்னால் செல்லாது" என்றார். கூட்டத்தின் பழைய விதி அது. சக்கர விஷயத்தில் மறதி ஒருவரையும் விட்டுவைத்ததில்லை.

ஓடுதளத்திலிருந்து கிளம்பினோம். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். அழகைக் காட்டுவதற்காக. இன்னொரு சுற்று. இன்னொரு கோணத்தில் அழகு. மூன்றாவது சுற்றில் சம்பூர்ணம், "ஏனுங்க, அந்த மஞ்சக் கூரை வீடு மூணாவது தடவை வருது" என்றாள்.

"காத்து பாக்கறேன்."

"எனக்குத் தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"டீத்தூள் டப்பா காலியானப்பவே. அத்தன பிரெண்டுங்க டீ குடிச்சிருந்தா டம்ளரெல்லாம் நனஞ்சிருக்கோணுமில்ல? ஒரு டம்ளர்கூட நனையலை. பிளேன் வயிறுதான் நனஞ்சிருந்துச்சு."

நான் நாலாவது சுற்றுக்குத் திருப்பினேன்.

"தெரிஞ்சும் ஏன் ஏறுனே புள்ள?"

"பின்ன? பனி செரண்டினது சும்மாவா? எறக்குங்க."

நான் எஞ்ஜினைக் குறைத்தேன். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததெல்லாம் என் கட்டுப்பாட்டில் இல்லை. ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன்: "ஐயோ… மருதமலை முருகா… இது தண்ணி… சக்கரம் மேல… மேலதானா? சம்பூர்ணம், மேலதானே? மேலதான்… ஐயோ முருகா, அந்த இடது ஓரம் மட்டும் பிரியாம பாத்துக்க, மேட்ச் பாத்துட்டே ஒட்டினதப்பா, இனிமே கிரிக்கெட்டே பாக்கமாட்டேன்… சம்பூர்ணம் கையப் புடி… புடிக்காத, கை வேணும்… ஐயோ வருது வருது வருது…"

தண்ணீர் வந்தது. ஒரு தட்டு. மேலே எகிறினோம். இரண்டாவது தட்டு. மூன்றாவது, தட்டென்று சொல்ல முடியாது, தடவல். பிறகு சர்ரென்று ஒரு நீண்ட சத்தம், கண்ணாடியெல்லாம் தண்ணீர், அப்புறம் ஒன்றுமே இல்லை. மிதந்தோம்.

சம்பூர்ணம் மேல்கதவைத் திறந்தாள். ஏரிக் காற்று உள்ளே வந்தது. சுற்றிலும் தண்ணீர், தூரத்தில் ஒரு கரை. கையை வெளியே நீட்டித் தண்ணீரைத் தொட்டாள். தொட்டுவிட்டு, ஏழு வருஷத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு சிரித்தாள். நான் காலடியைப் பார்த்தேன்.

"என்னத்தைத் தேடறீங்க?"

"இடது ஓரம்."

காய்ந்து கிடந்தது. ஆனால் வலது பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவு தண்ணீர். வலது பக்கம்தான் நான் டிவியை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரதம் இருக்காத குறையாக ஒட்டியது.

"இடது பக்கம் எப்படிப் புள்ள…"

"நீங்க கடைசி ஓவருக்கு எந்திரிச்சு உள்ள ஓடிட்டீங்க. பசை காஞ்சுட்டு இருந்துச்சு. நானு பசை தேய்க்கற உருளைய எடுத்து நல்லா அழுத்தித் தேச்சுட்டேன்." ஸ்பாஞ்சை எடுத்து வலது பக்கத் தண்ணீரைப் பிழிந்து வெளியே ஊற்றினாள். "சரி, கெளம்பலாமுங்ளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்குவதை மட்டுமே இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். ஏறுவதை நினைக்கவே இல்லை. அலையை மோதிக்கொண்டு அதே பசையை இன்னொரு முறை சோதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வீரம் போதும் என்று முடிவு செய்தேன். "இப்படியே போலாம், ஏரியப் பாத்த மாதிரி இருக்கும்" என்றேன். ஆகவே நானூறு மைல் பறக்கக்கூடிய ஒரு விமானம், பெடல் போட் வேகத்தில், ஏரியின் முழு நீளத்துக்கும் ஊர்ந்து கரை சேர்ந்தது. வழியில் ஒரு படகுக்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். சம்பூர்ணம் அவருக்குக் கையாட்டினாள்.

கரையில் மொத்தக் கூட்டமும் நின்றது. கைதட்டல். இறங்கினவனுக்கு இவ்வளவு கைதட்டல் வழக்கமில்லையே என்று யோசித்தபடி காலை வைத்தேன். ஜிசெல் கண் கலங்கியிருந்தார்.

"அற்புதம், மிஸ்டர் நாச்சி. முழுவதும் கேட்டோம்."

"என்ன கேட்டீர்கள்?"

"நீங்கள் சொன்னதெல்லாம். ரேடியோவில்."

ரேடியோவில் பேசுவதற்கான பொத்தான் விமானத்தின் கைப்பிடியில் இருக்கிறது. அழுத்தினால் பேச்சு வெளியே போகும். இறங்கும்போது நான் அந்தக் கைப்பிடியை எப்படிப் பிடித்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. முருகன், கிரிக்கெட், இடது ஓரம், எல்லாம் பதினான்கு ரேடியோக்களில் ஒலித்திருக்கிறது. தமிழில். அந்தக் கூட்டத்தில் எங்களைத் தவிரத் தமிழ் தெரிந்த ஒரே ஆள் டாக்டர் குணநாயகம்.

அவரைப் பார்த்தேன். அவர் தன் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு டாக்டர் மொழிபெயர்த்தார்" என்றார் ஜிசெல். "உங்கள் நாட்டில் தண்ணீரில் இறங்குமுன் சொல்லும் சரிபார்ப்பு வாசகமாமே? முதலில் மலைக் கடவுளிடம் அனுமதி. பிறகு சக்கரம் மேலே என்று இரண்டு முறை. பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்து மூன்றாவது முறை உறுதி. பிறகு அடிவயிற்றின் ஓரங்கள். எவ்வளவு முழுமை!"

மாலைக் கூட்டத்தில் டாக்டர் எழுந்தார். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"நல்லது: இடது ஓரத்தின் ஒட்டு வேலை. இந்தக் கூட்டத்திலேயே அதுதான் சிறந்தது" என்றார் இங்கிலீஷில். சம்பூர்ணம் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். "குறை: கறைக்கோடு கொஞ்சம் நேராக இருக்கிறது. போகப்போகச் சரியாகிவிடும்."

உட்காரும்போது என் காதருகே குனிந்தார். "பல்லுப் பிடுங்கின மாதிரி நினைச்சுக்கொள்ளும். ஆனா அந்த எஞ்ஜினை விக்கிற எண்ணம் எப்ப வந்தாலும் முதல்ல எனக்குச் சொல்ல வேணும், என்ன?"

"விக்கற எண்ணமில்லீங்கண்ணா" என்று பதில் சொன்னது நானல்ல, சம்பூர்ணம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "காரு வெளியவே நிக்கட்டும். இந்தக் குளிர்காலத்துல இருந்து பனி செரண்டறது நீங்க."

ஆகஸ்ட் 4, திங்கள்

கிளம்பும் நாள். விமானத்தை டிரெய்லரில் கட்டிக்கொண்டிருந்தேன். ஏரிக்கு மேல் ஜிசெலின் விமானம் கடைசிச் சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது. இடுப்பு ரேடியோவில் கரகரப்பு. பிறகு பிரெஞ்சு வாடையோடு, நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக:

"ஐயோ… முருகா… சக்கரம் மேல… சம்பூர்ணம், மேலதானே?"

நான் வடக்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். சம்பூர்ணம் என் இடுப்பிலிருந்து ரேடியோவை உருவினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து அந்த விமானத்தின் அடிவயிற்றை நன்றாகப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"மேலதானுங்க. எறங்குங்க."